மதுரைன்னா ஒண்ணேகால் மணி நேரம்

ஜூன் 11, புதன்

காலையில எடை 58. தண்ணி ஒரு லிட்டர், அதுக்கு மேல ஒரு மடக்குகூடக் கிடையாது. கால் வீக்கம் இல்ல.

இப்படித் தினமும் எழுதி வைக்கணும்னு ஷெரின் மேடம் உத்தரவு. மாற்று இதயத்துக்குப் பேர் குடுத்துட்டுக் காத்துக் கிடக்கிறவங்களுக்கெல்லாம் இந்த ஆஸ்பத்திரியில அவங்கதான் கோஆர்டினேட்டர். மூணு வரி எழுதினா டைரியில பக்கம் முக்கால்வாசி காலியாக் கிடக்கு. மிச்சத்துல என் பாட்டைப் பாடிக்கிடுதேன். இந்த ஊர்ல வேற யார்கிட்டப் போய்ப் பேச?

பாட்டு இதுதான். எங்க வீட்டுக்காரர் சிவபெருமாளுக்கு இதயம் பெருத்துப்போச்சு. ரத்தத்தை அடிச்சுத் தள்ளத் தெம்பில்லாம தொளதொளன்னு கிடக்காம். வேற இதயம் வச்சாத்தான் உண்டுன்னு டாக்டர் சொல்லிட்டார். வைக்கலேன்னா என்னன்னு அவர் சொல்லல, நானும் கேக்கல.

வெளியூர்ல கிடைச்சா ப்ளேன்ல வரும். எடுத்ததுலேருந்து நாலு மணி நேரத்துக்குள்ள அது இவர் நெஞ்சுல துடிச்சாகணும். அதனால போன் வந்தா ரெண்டு மணி நேரத்துல ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற தூரத்துலதான் நாங்க இருக்கணும்னு சட்டம். தூத்துக்குடி வீட்டைப் பூட்டிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவுல ஒரு மொட்டைமாடி ரூமுக்குள்ள வந்து கிடக்கோம். சென்னை வெயிலெல்லாம் எங்க கூரை மேலதான் இறங்குது.

அவருக்கு ட்ராவல்ஸ் தொழில். ஊர்க்காரங்களுக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் குடுத்தே பாதி ஆயுசு போச்சு. இப்ப படுத்துக்கிட்டே கணக்குச் சொல்லுதார். "திருச்சின்னா ஒரு மணி நேரம், வடிவு. கோயம்புத்தூர்னா ஒண்ணு பத்து. மதுரைன்னா ஒண்ணேகால். டிக்கெட்ல இதைவிடக் கூடத்தான் போட்டிருப்பான், அது தரையில உருண்டுக்கிட்டுக் கிடக்கிற நேரம்."

கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆயிட்டு.

ஜூன் 13, வெள்ளி

எடை 58. உப்பில்லாத ரசம் வச்சேன். கழனித்தண்ணி மாதிரி இருக்குன்னார். கழனித்தண்ணியில மல்லித்தழை போடுவாங்களான்னு கேட்டேன். பேசாமக் குடிச்சுட்டார். அதையும் அந்த ஒரு லிட்டர் கணக்குலதான் சேத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

அரிசி களைஞ்சுக்கிட்டே டிவி நியூஸ் பாத்தேன். மதுரை பக்கம் நாலுவழிச்சாலையில பைக் மேல வேன் மோதி ஒரு பையன் கவலைக்கிடம்னு ஓடுச்சு. மதுரைன்னா ஒண்ணேகால்னு மனசு தன்னால கணக்குப் போட்டுட்டு. டிவிய அணைச்சுட்டேன்.

பொழுதுபோகத்தான் நியூஸ் போடுதேன். வேற எதுக்குமில்ல.

ஜூன் 17, செவ்வாய்

இவர் தங்கச்சி மாரி போன் பண்ணினா. கைப்பிள்ளைக்கு ஜூலை நாலாம் தேதி குலதெய்வக் கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்துதாளாம்.

எங்க பக்கத்துல தாய்மாமன் மடியில பிள்ளையை வச்சுத்தான் குத்துவாங்க. மாமன் இல்லாம நடக்காது. மாரிக்குக் கூடப்பிறந்தது இவர் ஒருத்தர்தான். எங்களுக்கும் பிள்ளை இல்ல, மாரி பிள்ளைகதான் பிள்ளைக.

இருந்தாலும் எனக்குப் புரியல. மூத்தவளுக்கு மூணு வயசுலதான் ஆடி அசைஞ்சு குத்தினா. இவனுக்கு ஒன்பது மாசந்தான் ஆகுது, பல்லுகூட இப்பத்தான் முளைக்குது. என்ன அவசரம்னு கேட்டேன்.

"கோயில்ல திருப்பணி ஆரம்பிக்கப் போறாவ மதினி. ரெண்டு வருஷத்துக்குக் கோயிலை அடைச்சுருவாவளாம்."

"உங்க அண்ணன் ஊரை விட்டு நகரக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மதினி," ன்னா. போனை வச்சுட்டா. எனக்கு வந்த கோவத்துல பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுட்டு.

ஜூன் 20, வெள்ளி

எடை 58 புள்ளி நாலு.

ஒருநாள் முழுக்கச் சண்டை. அவர் சத்தம் போட்டுச் சண்டை போட மாட்டார், மூச்சு வாங்கும். மெதுவாப் பேசியே ஆளைக் கொல்லுவார்.

"ரெண்டு மணி நேரத்துல வரணும். அதானே சட்டம்? போன வாரம் தாம்பரத்துலேருந்து டாக்ஸியில வர எவ்வளவு நேரம் ஆச்சு? ரெண்டு மணி நேரம். தூத்துக்குடியிலேருந்து ப்ளேன்ல ஒன்றரை மணி நேரம். எது பக்கம்?"

"தாம்பரத்துல டாக்ஸி எப்பக் கூப்பிட்டாலும் வரும். உங்க ப்ளேன் வாசல்ல வந்து ஹாரன் அடிக்குமா?"

தலையணையை முதுகுக்கு அண்டக்குடுத்துக்கிட்டு, "ஒரு நாள்தான் வடிவு. போய்ட்டு மறுநாள் காலையில வந்துருவோம். அந்த ஒரு நாள்லயா வரப் போகுது?" ன்னார்.

மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ரெண்டு நாளா இட்லியைப் பிச்சுப் பிச்சு வச்சுட்டு எந்திரிச்சுருதார். அதுக்காகத்தான் சரின்னேன். வேற காரணமில்ல. குலசாமி கால்ல நானும் ஒரு தடவை விழுந்துட்டு வரலாமேன்னு ஒரு நினைப்பு, அது தப்பா?

டாக்டர்கிட்டக் கேட்டா விடமாட்டார்னு கேக்கல. ஷெரின் மேடத்துக்கு மட்டும் போன் பண்ணி, தாம்பரத்துல சொந்தக்காரங்க வீட்டு விசேஷம், ஒருநாள் அங்க தங்குவோம்னு சொன்னேன். போன் கையிலயே இருக்கட்டும்மான்னாங்க. மாரி வீடு சொந்தக்காரங்க வீடுதான், காதுகுத்து விசேஷந்தான். ஊர் பேர் ஒண்ணுதான் மாறிப்போச்சு.

ஜூன் 29, ஞாயிறு

எடை 59 காட்டுது. இந்த மெஷின் சரியில்ல, பேட்டரி மாத்தணும்.

ஜூலை 3, வியாழன். தூத்துக்குடி

வந்து சேந்தாச்சு. ப்ளேன்ல ஜன்னல் பக்கம் உக்காந்து சின்னப்பிள்ளை மாதிரி கீழ கை காட்டிக்கிட்டே வந்தார். உப்பளம் தெரிஞ்சதும் கண்ணைத் துடைச்சார். வெயில் கூசுதாம்.

மாரி வாசல்ல நின்னா. அண்ணனைப் பாத்ததும் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு, உடனே சிரிச்சுட்டா. அவ்வளவு மெலிஞ்சா போயிட்டார்? கூடவே இருக்கிறதால எனக்குத் தெரியல.

போன்ல சார்ஜ் நூறு. இதுவரை போன் இல்ல.

ஜூலை 4, வெள்ளி. தூத்துக்குடி ஏர்போர்ட்

எழுதலேன்னா கத்திருவேன், அதான் எழுதுதேன்.

காலையில பத்தரைக்குக் கோயில்ல உக்காந்தாச்சு. இவர் மடியில பிள்ளை, எதிர்ல மொட்டை போடுத ஆள், காது குத்த ஆசாரி ஊசியைத் துடைச்சுக்கிட்டு இருக்கார். நான் பூசாரிகிட்டப் போய், "திருப்பணி எப்ப ஆரம்பிக்கீங்க? ரெண்டு வருஷம் கோயிலை அடைக்கிறதாச் சொன்னாங்களே" ன்னு கேட்டேன்.

"திருப்பணியா? போன வருஷந்தானேம்மா எல்லாம் செஞ்சோம். யாரு சொன்னா உங்களுக்கு?"

மாரியைப் பாத்தேன். அவ வேற பக்கம் திரும்பி மாலையைச் சரி பண்ணினா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. திருப்பணியுமில்ல, ஒண்ணுமில்ல. மூணு வயசு வரைக்கும் விட்டா மாமன் மடி இருக்குமோ இருக்காதோன்னு பயம். ஆள் இருக்கும்போதே உக்கார வச்சு நடத்திக்கிடலாம்னு என் புருஷனை இழுத்துட்டு வந்திருக்கா. எனக்கு அந்த இடத்துலயே அவ முடியைப் பிடிச்சு ஆட்டணும்போல இருந்துச்சு.

அந்த நேரம் போன் அடிச்சுது. ஷெரின் மேடம்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"தாம்பரத்துலதான் மேடம்."

"நல்லது. மதுரையில ஒரு இதயம் இருக்கு, சாருக்கு ஒத்துப்போகுது. இனிமே எதுவும் குடிக்கக் குடுக்காதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

சரி மேடம், சரி மேடம்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். பக்கத்துல பொம்பளைங்க குலவை போட்டாங்க, போனைக் கையால பொத்தினேன். இவர் என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். கையை நீட்டி, "போனைக் குடு" ன்னார். மாட்டேன்னு தலையாட்டினேன். பிடுங்கிட்டார்.

"மேடம், சிவபெருமாள் பேசுதேன். நாங்க தாம்பரத்துல இல்ல, தூத்துக்குடியில இருக்கோம். ரெண்டரைக்கு ஒரு ப்ளேன் இருக்கு. டைமுக்கு எடுத்தா அஞ்சேகாலுக்கு உங்க முன்னால நிப்பேன். எடுக்கலேன்னா என்னால வர முடியாது. அதை வச்சு முடிவு பண்ணிக்கிடுங்க."

மேடம் திட்டாமத்தான் பேசினாங்க. லிஸ்ட்ல இவருக்கு அடுத்து இருக்கிற நோயாளியையும் வரச்சொல்லி வைப்பாங்களாம். நாலரை மணிக்கு மதுரையில டாக்டருங்க யாருக்குன்னு கேப்பாங்க, அந்த நேரம் நாங்க எங்க இருக்கோம்னு பாத்துத்தான் பேர் சொல்லுவாங்களாம்.

நான் போனை வாங்கினேன். "மேடம், இதயம் மதுரையில இருக்கு, நாங்க இங்க இருக்கோம். கார்ல போனா ரெண்டரை மணி நேரம். எதுக்கு ரெண்டு பேரும் சென்னைக்கு வரணும்? நாங்க மதுரைக்கே போயிருதோமே."

"அந்த ஆஸ்பத்திரியில எடுக்கத்தான்மா முடியும், வைக்கிற வசதி இல்ல."

"அப்ப அது வாரப் ப்ளேன்லயே இவரையும் ஏத்திக்கிடுங்க."

"அது அங்கேருந்து கிளம்பும்போது சார் இங்க ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கணும்மா. கூட வர்றதுக்கில்ல." அழுதுருவேன்னு தெரிஞ்சோ என்னவோ, மெதுவாத்தான் சொன்னாங்க.

திரும்பிப் பாத்தா பிள்ளை பாதி மொட்டையோட உக்காந்திருக்கான். மாரி ஓடிவந்து, "அண்ணா, பிள்ளையை இறக்கி விட்டுட்டு நீ கிளம்பு" ன்னா.

"பாதி மொட்டையோடயா? ரெண்டரை மணி ப்ளேன் நான் இப்பவே போய் நின்னாலும் ரெண்டரைக்குத்தான் எடுப்பான். உக்காருட்டி," ன்னுட்டு ஆசாரியைப் பாத்து, "மொட்டை முடிஞ்சதும் நீங்க குத்துங்க" ன்னார்.

மொட்டையையும் முடிச்சு, காதும் குத்தியாச்சு. பிள்ளை வீறிட்டு அழுதான். இவர் அவன் தலையைத் தன் நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டார். அந்த நெஞ்சோட. நான் கார் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னேன்.

நாளைக்குப் போட்டிருந்த டிக்கெட்டை இவர் சிநேகிதர் இன்னைக்கு மாத்திக் குடுத்துட்டார். ஒரு மணிக்கெல்லாம் இங்க வந்தாச்சு.

இப்ப மணி ரெண்டரை. சென்னையிலேருந்து வரவேண்டிய ப்ளேன் இன்னும் கிளம்பவே இல்லையாம். என்ன காரணம்னு கேட்டா அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே வருத்தம் தெரிவிக்குது.

மூணேகால். வந்துக்கிட்டு இருக்காம். மேடத்துக்கு போன் பண்ணினேன். "சரிம்மா, பாக்கலாம்" ன்னாங்க. பாக்கலாம்னா என்ன அர்த்தம்?

அதே நாள், ப்ளேனுக்குள்ள

நாலு மணிக்குத்தான் எடுத்தான். போனை அணைக்கச் சொல்லிட்டாங்க.

இப்ப நாலு இருபத்தஞ்சு. இன்னும் அஞ்சு நிமிஷத்துல மதுரையில கேப்பாங்க. மேடம் ஒரு பேரைச் சொல்லணும். நாங்க ஆகாசத்துல இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியும். எடுத்தாச்சுன்னு மெசேஜ் போட்டுட்டுத்தான் அணைச்சேன். அது போச்சா போகலையான்னு தெரியல. பக்கத்துல ஒரு டிக் வந்த மாதிரி இருந்துச்சு. ஒண்ணா ரெண்டா?

இவருக்கு உதடு காஞ்சு வெடிச்சுட்டு. ஈரத்துணி வச்சுத் துடைச்சுவிட்டேன். "இடது கைப்பக்கம் எங்கேயோ மதுரை," ங்கார். எட்டிப் பாத்தேன். மேகந்தான் தெரியுது.

அங்க கீழ எவளோ ஒருத்தி உக்காந்து

வேண்டாம். அது மதுரை. அது வேற ஊர்.

நாலு நாப்பது. இந்நேரம் சொல்லியிருப்பாங்க. யார் பேரைச் சொன்னாங்களோ. இந்தப் ப்ளேனுக்குள்ள அம்பது அறுபது பேர் இருக்காங்க, ஒருத்தன் காதுல பாட்டு மாட்டிக்கிட்டுத் தலையாட்டுதான். அவன் தலையைப் பாத்தாலே எரிச்சலா வருது. என் கையை இவர் பிடிச்சுக்கிட்டே இருக்கார். கை சில்லுன்னு இருக்கு. குலசாமியே, எங்க பேரைச் சொல்லியிருக்கணும். சொல்லியிருக்கணும்.

அதே நாள், ரூமுல

இறங்கினதும் போனைப் போட்டேன். அடுத்தவருக்குக் குடுத்தாச்சு, சாரை அலைக்கழிக்காம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு மெசேஜ் இருந்துச்சு. எப்படிச் சொல்லன்னு யோசிக்கதுக்குள்ள என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டார்.

"குடுத்துட்டாங்களா?"

"ம்."

"நல்லது. வீணாப் போகல."

அவர் நோயாளியா இல்லாம இருந்திருந்தா அந்த இடத்துலயே ஒண்ணு வச்சிருப்பேன்.

ஜூலை 5, சனி

எடை 59 புள்ளி அஞ்சு. அவர்கூடப் பேசல. தட்டை வைக்கேன், எடுக்கேன், அவ்வளவுதான்.

ஜூலை 7, திங்கள்

மாரி போன் பண்ணினா. எடுக்கக்கூடாதுன்னு இருந்தேன், எடுத்துட்டேன். எடுத்ததும் பிடிபிடின்னு பிடிச்சுட்டேன்.

"உங்க அண்ணன் சாகப் போறார்னு நீயே நாள் குறிச்சுட்டியாட்டி? அதுக்குப் பொய் சொல்லி வரவச்சே. உன் பிள்ளைக்கு மடி கிடைச்சுட்டு. எனக்கு என்ன கிடைச்சுது?"

அவ மறுத்துப் பேசியிருந்தாலாவது என் கோவம் நின்னிருக்கும். "ஆமா மதினி, பயந்துதான் செஞ்சேன்" னு சொல்லிட்டு அழுதா. "அண்ணன் இல்லாம என் பிள்ளை எவன் மடியிலயோ உக்காரும்னு நினைச்சா என்னால தாங்க முடியல. என்னைத் திட்டுங்க, தாராளமாத் திட்டுங்க." திட்டச் சொன்ன பிறகு எப்படித் திட்ட? நானும் அழுதுட்டு வச்சுட்டேன்.

இவர் கட்டில்ல கேட்டுக்கிட்டு இருந்திருக்கார். மூணு நாளா நான் பேசலேன்னு அவரும் பேசாம இருந்தவர், "அவளை ஏன்ட்டி வையுத? எனக்கு முதல்லயே தெரியும்," ன்னார்.

"என்ன தெரியும்?"

"திருப்பணி ஒண்ணுமில்லைன்னு. போன வருஷம் நாந்தானே நன்கொடை அனுப்பினேன்."

தெரிஞ்சேதான் போயிருக்கார். அண்ணனும் தங்கச்சியும் ஒரு வார்த்தை பேசிக்கிடாமலே சேந்து முடிவு பண்ணியிருக்காங்க, நான் ஒருத்தி மட்டும் ப்ளேன் நேரத்தை எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். "அப்ப நீங்களும் அதே கணக்குலதான் இருக்கீங்களா?" ன்னு கேட்டேன். என் கையைப் பிடிச்சார். உதறிட்டு மொட்டைமாடியில போய் நின்னேன்.

ஜூலை 10, வியாழன்

எடை 61. பேட்டரி மாத்தியாச்சு, அப்பவும் 61தான் காட்டுது. மெஷினே மட்டம். செருப்பு மாட்ட முடியல. வெயிலுக்குக் கால் வீங்குறது எல்லாருக்கும் உள்ளதுதான்.

ஜூலை 12, சனி

ஐசியூ. படுத்தா மூச்சு முட்டுதுன்னு விடிய விடிய உக்காந்தே இருந்தார். டாக்டர் காலை அமுக்கிப் பாத்தார், குழி விழுந்துச்சு. வெயில் இல்லையாம், தண்ணியாம். எனக்குத் தெரியாமலா இருந்துச்சு.

ஜூலை 15, செவ்வாய்

பகல்ல ரெண்டு தடவை பாக்க விடுதாங்க. மருந்து கையில ஏறிக்கிட்டே இருக்கு, அதை நிப்பாட்டினா அவர் நின்னுருவார்னு நர்ஸ் ஒருத்தி இன்னொருத்திகிட்டச் சொன்னது காதுல விழுந்துச்சு.

ஷெரின் மேடம் வந்து பக்கத்துல உக்காந்தாங்க. தாம்பரப் பொய்யைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. "அன்னைக்கு சார் உண்மையைச் சொல்லலேன்னா, உங்களை நம்பி அவங்க எடுத்திருப்பாங்க. அது யாருக்கும் ஆகாமப் போயிருக்கும்மா," ன்னாங்க. எனக்கு அதுல ஆறுதல் இல்ல மேடம்னு சொல்லிட்டேன். எனக்கு அவர் வேணும். யாருக்கு வீணாப் போனாலும் எனக்கு அவர் வேணும். இதை அவங்ககிட்டச் சொல்லல, இங்கதான் எழுதுதேன்.

இப்ப லிஸ்ட்ல முதல் பேர் இவர் பேராம். கோயம்புத்தூர்னா ஒண்ணு பத்து. திருச்சின்னா ஒரு மணி நேரம்.

ஜூலை 18, வெள்ளி

நேத்துலேருந்து நல்ல மழை. ரோடெல்லாம் வழுக்கும்.

சும்மா எழுதினேன். ஒரு அர்த்தமும் இல்ல.

ஜூலை 19, சனி

காலையில பத்து மணிக்கு ஷெரின் மேடம் ஐசியூ வாசலுக்கே வந்துட்டாங்க. நான் எந்திரிச்சு நின்னுட்டேன்.

"கிடைச்சிருக்கும்மா. எல்லாம் ஒத்துப்போகுது."

"எந்த ஊர் மேடம்?"

"இங்கதாம்மா. சென்னைதான். ஆம்புலன்ஸ்ல வந்துரும்."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கல. எத்தனை ஊர் கணக்கு வச்சிருந்தேன், இந்த ஊருக்கு மட்டும் என்கிட்டக் கணக்கு இல்ல. கையெழுத்துப் போட்டேன். இவரைத் தள்ளிட்டுப் போகும்போது, "டைம் என்ன?" ன்னு கேட்டார். சொன்னேன். தலையாட்டினார்.

மத்தியானம் கீழ போலீஸ்காரங்க ரோட்டை மறிச்சாங்க, சைரன் சத்தம் கேட்டுச்சு. ஜன்னல் பக்கம் போறதுக்குள்ள ஒரு பெட்டியைத் தூக்கிட்டு உள்ள ஓடிட்டாங்க. இவ்வளவுதானா? சாமி கும்பிடக்கூட நேரம் இல்ல.

ஜூலை 20, ஞாயிறு

துடிக்குது. கண்ணாடிக்கு வெளிய நின்னு டிவி மாதிரி இருந்த பெட்டியில பாத்தேன், பச்சைக்கோடு குதிச்சுக் குதிச்சுப் போகுது. நல்ல பலமான இதயம்மா, சின்ன வயசுன்னு டாக்டர் சொன்னார்.

மாரிக்கு நானேதான் முதல்ல போன் பண்ணினேன். துடிக்குதுட்டின்னேன், ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே வச்சுட்டோம்.

ஜூலை 28, திங்கள்

நல்லா இருக்கார். நேத்து நாலு எட்டு நடந்தார். ரசத்துல கொஞ்சம் உப்பு போடலாமான்னு டாக்டர்கிட்டக் கேட்டாராம், மானம் போகுது.

இன்னும் ரெண்டு வாரத்துல எங்க மாடி ரூமுக்கு அனுப்புவாங்களாம். தூசி ஆகாது, கிருமி ஆகாது. துணியெல்லாம் வெந்நியில துவைச்சு இஸ்திரி போட்டு வைக்கணும்னாங்க. போர்வை, தலையணை உறை எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டு இன்னைக்கு முதல் தடவையா பக்கத்துத் தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போனேன். வண்டிக்காரர் எந்த வீடுன்னு கேட்டார், சொன்னேன்.

வண்டிக்குப் பின்னால சுவத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மழையில ஓரமெல்லாம் பிஞ்சு கிடக்கு. சின்னப் பையன், கூலிங் கிளாஸ் போட்டு சிரிச்சுக்கிட்டு இருக்கான். மறைவு: ஜூலை 19.

நான் பாக்கிறதை இஸ்திரிக்காரர் பாத்துட்டார். "நம்ம பையன்க்கா. இந்தத் தெருதான், பச்சைக் கேட் போட்ட வூடு. மழையில வண்டி ஸ்லிப்பாயி லாரிக்கு அடியில போயிட்டான். மூளை வேலை செய்யலேன்னுட்டாங்க. அவங்கம்மாதான், என் புள்ளை நாலு பேருக்கு உதவட்டும், எல்லாத்தையும் எடுத்துக்குங்கன்னு சொல்லிடுச்சு. இதயம் இதோ, நம்ம பின்னாடி இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போச்சாம். எவனோ ஒரு மவராசன்."

நான் போர்வையை எண்ணிக்கிட்டு இருந்தேன். ஒரே போர்வையை மூணு தடவை எண்ணினேன்.

போடப் போட வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டேன். கிளம்பும்போது அவர் வண்டிக்கு அடியிலேருந்து ரெண்டு சட்டையை எடுத்தார். ஒண்ணு ஊதா, ஒண்ணு கட்டம் போட்டது. "அடிபடுறதுக்கு முந்தின நாள் அந்தப் பையன் குடுத்துட்டுப் போனான்க்கா. யாரும் வாங்க வரல. நானா எடுத்துக்கிட்டுப் போயி அந்தம்மா மூஞ்சியைப் பாக்க எனக்குத் தெம்பில்ல. நீ அந்த வழியாத்தானே போவே, குடுத்துட்டுப் போயிடேன்."

வாங்கிக்கிட்டேன்.

பச்சைக் கேட்டைத் தாண்டித்தான் வரணும். வாசல்ல செருப்பு நிறையக் கிடந்துச்சு. உள்ள ஒரு அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க, யாரோ ஏதோ கேக்க, இல்லேன்னு தலையாட்டினாங்க. நான் நிக்காம வந்துட்டேன்.

சட்டை ரெண்டும் என் மடியில இருக்கு. மாடியிலேருந்து பாத்தா அந்த வீட்டுக் கொடியில துணி காயுறது தெரியுது. நடந்தா ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

இந்த இதயம் மதுரையிலேருந்தே வந்திருக்கக்கூடாதா.